‘வந்துட்டனுங்க’ என்ற ஒரு சொல்

கோர்ட்டில் தமிழ் இன்டர்பிரெட்டராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னிடம் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். சட்டச் சொற்களை எப்படி மனப்பாடம் செய்தீர்கள், அரசியல் சாசனத்தில் எந்தெந்தத் திருத்தங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், கிராண்ட் ஜூரிக்குத் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. படித்துக்கொள்ளலாம். நான் டெக்சஸில் இந்த வேலை பார்த்த காலத்தில் என்னை அதிகம் திணற வைத்தது ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல். சின்னப் பிள்ளைகளும் பேசுகிற சொல். அந்தக் கதையைச் சொல்கிறேன். முழுக்கப் புரிந்துதான் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சில இடங்கள் எனக்கு இன்றும் குழப்பம்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆலன் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் நம் ஆட்கள் வீடு வாங்கத் தொடங்கியிருந்தார்கள். தமிழ் இன்டர்பிரெட்டர் என்று கோர்ட்டிலிருந்து கூப்பிடுவது அபூர்வம். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிகளுக்குத்தான் போவேன். ஒரு நாள் கவுன்ட்டி கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. கிரிமினல் கேஸ், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது அறுபதுக்கு மேல், கொங்குப் பக்கத்துத் தமிழ். நான் சென்னைக்காரி. சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் பெயர் நாச்சிமுத்து. கோபிப் பக்கம். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் பிரபு லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. பேத்தியைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருந்தார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டும் வாங்கி வந்திருந்தார். மகன் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்ட பிறகு, வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு மட்டும் தானாக ஓட்டிப் போய் வருவார்.

ஒரு காலை மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள், குழந்தை டேகேரில். பால் வாங்கக் கிளம்பியவர் ஒரு முனையில் வலப்பக்கம் திரும்பும்போது, நடைபாதையிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி மீது காரை இடித்துவிட்டார். அந்த அம்மாள் கீழே விழுந்தார். கண்ணாடியில் இவர் பார்த்தார், அந்த அம்மாள் கையை ஊன்றி எழ முயல்வதையும் பார்த்தார். பிறகு காரை நிறுத்தாமல் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒருவர் காரை நிறுத்தி, அவசர உதவிக்கு 911-ஐக் கூப்பிட்டார். அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

நம் ஊரில் பஸ்ஸோ லாரியோ ஓட்டியவர்களுக்கு அவர் ஏன் போனார் என்று சொல்லாமலே தெரியும். ஆளை இடித்துவிட்டு நின்றால் கூட்டம் கூடி டிரைவரை அடித்தே கொன்றுவிடும். அதனால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சரணடைய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்த டிரைவர்கள் சொல்லித் தருவது அது. நாச்சிமுத்துவும் போலீஸ் ஸ்டேஷனைத் தேடித்தான் போனார். அமெரிக்காவில் போலீஸ் ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெருத் தெருவாகச் சுற்றி, கொடிக்கம்பமும் யூனிஃபார்ம் போட்ட ஆட்களும் தெரிந்த ஒரு கட்டடத்துக்குள் போய்க் கார் சாவியை நீட்டி, கைகூப்பி நின்றார். அது தீயணைப்பு நிலையம்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. “போலீஸ், போலீஸ்” என்றதைத் தவிர அவரிடமிருந்து ஆங்கிலம் வரவில்லை. யாரோ வழி தவறிய பெரியவர் என்று நினைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சட்டைப்பையில் இருந்த மகனின் விசிட்டிங் கார்டைப் பார்த்துப் போன் செய்தார்கள். மகன் வந்து சேருவதற்குள் போலீஸும் வந்துவிட்டது. காரின் முன்பக்க நசுங்கலைப் பார்த்த அதிகாரி இவரைத் தன் வண்டியின் பின்சீட்டில் ஏற்றினார். மகனையே மொழிபெயர்க்கச் சொல்லி, சட்டப்படி வாசிக்க வேண்டிய உரிமைகளை வாசித்து, பிறகு கேள்வி கேட்டார். எல்லாம் டேப்பில் பதிவானது.

இடித்துவிட்டு நிற்காமல் போவது இங்கே பெரிய குற்றம். ஜெயிலுக்கே அனுப்பலாம்.

நான் முதலில் அவரைப் பார்த்தது குற்றச்சாட்டை வாசிக்கும் நாளில். ‘டெக்சஸ் மாநிலம் எதிர் நாச்சிமுத்து’ என்று வாசித்தார்கள். நான் அதைத் தமிழில் அவர் காதில் சொன்னதும், “மாநிலம் எதுக்குங்க? நா இடிச்சது அந்தம்மாவத்தானுங்களே?” என்றார். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்று கேட்டார்.

நாச்சிமுத்து என் பக்கம் திரும்பி, “அம்மிணி, நீங்களே சொல்லுங்க. நா என்னன்னு சொல்லட்டும்?” என்று மெதுவாகக் கேட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்கள் எல்லோருக்கும் இது வரும். முன்பின் தெரியாத ஊரில், மொழி தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாலும் அது வக்கீல் வேலை, உங்கள் வேலையல்ல. பேசாமல் இருந்தாலும் தப்பு, அவர் பேசியது கோர்ட்டுக்குத் தெரியாமல் போய்விடும். “தான் என்ன சொல்ல வேண்டும் என்று இன்டர்பிரெட்டரைக் கேட்கிறார்” என்று ஜட்ஜிடம் உரக்கச் சொன்னேன். ஜட்ஜ் அவரைத் தன் வக்கீலிடம் பேசச் சொன்னார். அதைத் தமிழில் சொன்னபோது நாச்சிமுத்து என்னைப் பார்த்த பார்வையில், ரகசியமாகக் கேட்டதைப் போட்டுக்கொடுத்துவிட்டாளே என்ற வருத்தம் இருந்தது.

வக்கீல் ஒரு இளம்பெண், நல்ல கெட்டிக்காரி. “நாட் கில்டி சொல்லுங்கள்” என்றாள். அதற்குத் தமிழில் ‘நான் குற்றவாளி இல்லை’ என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். இடித்தது தான்தான், எப்படி இல்லையென்று சொல்வது, பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டார். அதற்கு அர்த்தம் ‘நான் செய்யவில்லை’ என்பதல்ல, ‘நீங்கள் நிரூபியுங்கள்’ என்பதுதான் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். நானும் பொறுமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தெளிவும் வரவில்லை. கடைசியில் அவருக்காக வக்கீலே அதைச் சொல்லிப் பதிவு செய்தாள். வெளியே வரும்போது அவர் கேட்டார், “எங்கூர்ல ஒத்துக்கடான்னு அடிப்பாங்க. இங்க ஒத்துக்கறேன்னாலும் வேண்டாம்ங்கறாங்க. இதென்னங்க நாயம்?”

வக்கீலிடம் அதைச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, போலீஸ் வண்டியின் பின்சீட்டுக்குள் ஒருவர் தானாகச் சொன்னாரா, சொல்ல வைக்கப்பட்டாரா என்பது வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாது, அதனால் இந்த இரண்டு வகை ஆட்களின் ஒப்புதலுக்கும் சட்டம் ஒரே கதவைத்தான் பூட்டி வைத்திருக்கிறது என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தட்டிக்கொண்டிருக்கிற ஆளை என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை.

அவளுடைய திட்டம் இதுதான். டேப்பில் அவர் மகனின் ஆங்கிலத்தில், ‘இடித்துவிட்டு ஓடிவிட்டதாகச் சொல்கிறார்’ என்று இருக்கிறது. அரசுத் தரப்புக்கு அதுதான் பிடி. உரிமைகளை அவருக்குச் சரியாக விளக்கவில்லை என்று காட்டினால் அந்த டேப்பையே ஜூரி கேட்காதபடி ஜட்ஜ் ஒதுக்கிவிடுவார். அதற்கென்று ஒரு விசாரணை நாள் குறித்தார்கள்.

அன்று காலை டேப்பைப் போட்டார்கள். கரகரவென்ற சத்தம், வெளியே ஏதோ என்ஜின் உறுமல், மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசுகிறார்கள். நாச்சிமுத்துவின் குரல் பாதி அழுகை. ஜட்ஜ் என்னைப் பார்த்து, டேப் ஓட ஓட மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார். முடியாது என்றேன். சத்தம் தெளிவாக இல்லை, பேச்சு நான் பேசும் வட்டாரத்துத் தமிழ் இல்லை, தனியாகத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதித்தான் தர முடியும் என்று சொன்னேன். ஜட்ஜுக்கு எரிச்சல். அன்றைக்கு அவருக்கு முன்னால் நிறையக் கேஸ்கள். ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தை முழுவதும் எனக்குக் கொடுத்தார். அவசரத்தில் தப்பாகச் சொல்வதைவிட ஒரு ஜட்ஜின் எரிச்சலை வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

யாருமில்லாத ஜூரி அறைக்குப் போகும் வழியில் பிரபு வந்து நின்றான். என்னைவிடப் பத்து வயது சிறியவனாக இருப்பான். ஆன்ட்டி என்று கூப்பிட்டான்.

“ஆன்ட்டி, லாயர் எப்படியும் அந்த டேப்பை சப்ரஸ் பண்ண வெச்சிருவாங்க. நான் அன்னிக்கு டென்ஷன்ல என்னவோ டிரான்ஸ்லேட் பண்ணிட்டேன். அதையெல்லாம் கோர்ட்ல படிக்கணுமா? என் கிரீன் கார்டு வேற பெண்டிங்ல இருக்கு.”

கேஸைப் பற்றி என்னிடம் பேசக்கூடாது, எதுவானாலும் வக்கீலிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கதவை மூடிய பிறகு கொஞ்ச நேரம் டேப்பைப் போடத் தோன்றவில்லை. அவன் கெட்டவனில்லை. அப்பாவின் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் லீவு போட்டு வந்தவன்.

டேப்பில் இருந்தது இதுதான். அதிகாரி, நீங்கள் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று வாசிக்கிறார். பிரபு, “பேசக் கூடாதுங்கறாங்கப்பா” என்கிறான். நாச்சிமுத்து, “பேசாம எப்படிறா சொல்றது? சொல்லத்தான வந்தேன்” என்கிறார். பிரபு ஆங்கிலத்தில், அவருக்குப் புரிந்தது என்கிறான். அதிகாரி என்ன நடந்தது என்று கேட்கிறார். நாச்சிமுத்து சொல்கிறார்: “அந்தம்மாவ இடிச்சுப்போட்டு வந்துட்டனுங்க. சரண்டர் ஆகறனுங்க.” பிரபு ஆங்கிலத்தில், இடித்துவிட்டு ஓடிவிட்டதாகச் சொல்கிறார் என்கிறான். சரண்டர் என்பதைச் சொல்லவே இல்லை.

‘இடிச்சுப்போட்டு’ என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் ‘இடிச்சுட்டு’ என்பதைத்தான் அந்தப் பக்கம் அப்படிச் சொல்கிறார்கள். ‘வந்துட்டனுங்க’ என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். வந்துவிட்டேன். எங்கே வந்தார்? அந்த இடத்தை விட்டு வந்தாரா, உங்களிடம் வந்தாரா? ‘ஆபீஸ்ல சொல்லாம வந்துட்டேன்’ என்றால் நாம் கிளம்பி வந்ததைத்தானே சொல்கிறோம். பிரபுவின் காதில் அது விட்டுவிட்டு வந்ததாக விழுந்திருக்கலாம். அவன் இந்த ஊரில் செய்தியிலும் பேப்பரிலும் கேட்ட ஒரே தொடர் ‘ஹிட் அண்ட் ரன்’. பதற்றத்தில் அது வாயில் வந்திருக்கும். ஆனால் ‘ஓடினேன்’ என்று அவர் சொல்லவில்லை. போனேன் என்றும் சொல்லவில்லை. வந்தேன் என்றார்.

எனக்கு அவர் மேல் பரிதாபம் இருந்தது. ‘இடித்துவிட்டு உங்களைத் தேடி வந்தேன்’ என்று எழுதினால் அவருக்கு நல்லது, அவர் மனதில் இருந்ததும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் ‘உங்களைத் தேடி’ என்று டேப்பில் இல்லை. மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். கடைசியில் ‘இடித்துவிட்டு வந்துவிட்டேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, இந்த வினைச்சொல் ஓர் இடத்தை விட்டு வருவதையும் குறிக்கும், பேசுகிற இடத்துக்கு வந்து சேர்வதையும் குறிக்கும், ஓடுவதைக் குறிக்காது என்று கீழே குறிப்பு போட்டேன். குழப்பம் மூலத்தில் இருந்தால் அதைக் குழப்பமாகவே கோர்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். தீர்த்துவைப்பது அவர்கள் பாடு.

மதியம் நான் படித்தேன். ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் உரக்க, பிறகு நாச்சிமுத்து காதில் தமிழில். அவர் பேசியதும் பேசாததும் அவருக்கும் தெரிய வேண்டும், அது அவர் உரிமை. பிரபு போலீஸிடம் ஆங்கிலத்தில் சொன்ன வரி வந்தது. இத்தனை மாதமும் அவருக்கு அது தெரியாது. “இடித்துவிட்டு ஓடிவிட்டதாகச் சொல்கிறார்” என்று அவர் காதில் சொன்னேன்.

அவர் நாற்காலியோடு பின்னால் திரும்பி மகனைப் பார்த்தார்.

“ஓடிப்போனேன்னாடா சொன்னே?”

கோர்ட்டில் அவர் வாயிலிருந்து வருவது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிரபு தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு ஆங்கிலமும் தெரியும் தமிழும் தெரியும் என்பதால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. டேப்பை ஒதுக்கச் சொல்லி மாதக்கணக்கில் உழைத்த வக்கீல் எழுந்து, தன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். சொல்லத்தானே வந்தேன், சரண்டர் ஆகிறேன் என்று அவர் சொல்வதை ஜூரி கேட்க வேண்டும் என்பது இப்போது அவள் ஆசை. டேப் வேண்டும் என்று நின்ற அரசு வக்கீல் எழுந்து, அதைத் தான் பயன்படுத்தப்போவதில்லை என்றார். அவர் பயன்படுத்தாவிட்டால் இவளாலும் முடியாதாம். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பேச்சைத் தனக்கே சாட்சியாகக் கொண்டுவர அனுமதியில்லை, எதிர்த் தரப்பு கொண்டுவந்தால்தான் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பேரும் இடம் மாறி நின்றார்கள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இதையெல்லாம் நாச்சிமுத்துவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கடைசியாக, “இப்ப நா பேசலாமுங்களா?” என்று கேட்டார். பேச வேண்டாம் என்று வக்கீல் சொன்னாள்.

கேஸ் விசாரணை வரை போகவில்லை. அரசு வக்கீல் அடிபட்ட அம்மாளிடம் பேசியிருக்கிறார், மேலிடத்திலும் பேசியிருக்கிறார். பெரிய குற்றச்சாட்டைக் கைவிட்டு, சிறிய ஒன்றை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடும் இனி இங்கே கார் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடும் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டிய நாளன்று நாச்சிமுத்து வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்றாராம். பிரபு வற்புறுத்திப் பேன்ட் போட வைத்திருந்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒப்புக்கொள்கிறீர்களா என்று ஜட்ஜ் கேட்டார். நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்பே நாச்சிமுத்து ஆமாம் என்றார். அப்படி ஒப்புக்கொள்கிறவர்களிடம் ஜட்ஜ் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்: இதைச் சொல்லும்படி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?

“ஒருத்தரும் கட்டாயப்படுத்துலீங்க,” என்றார் நாச்சிமுத்து. “இத்தன நாளா சொல்ல உடாமத்தான் புடிச்சு வெச்சிருந்தாங்க.”

ஆங்கிலத்தில் சொன்னேன். ஜட்ஜ் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதினார்.

இதோடு முடித்திருந்தால் உங்களுக்குச் சொல்ல அழகான கதை. கோர்ட்டை விட்டு வெளியே வந்தோம். அங்கே நீண்ட வராந்தாவில் அடிபட்ட அம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், கூட அரசு வக்கீல். கேஸ் முடியும் வரை நாச்சிமுத்து அந்த அம்மாளிடம் பேசக் கூடாது என்று தடை இருந்தது. இப்போது இல்லை. நாச்சிமுத்து நேராகப் போய்க் கைகூப்பி நின்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். என் வேலை உள்ளேயே முடிந்துவிட்டது. ஆனாலும் நின்றேன்.

அந்த அம்மாள், நான் விழுந்ததை அவர் பார்த்தார் அல்லவா, ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்.

“நின்னா அடிச்சே கொன்னு போடுவாங்கன்னு பயந்துட்டனுங்க,” என்றார் நாச்சிமுத்து.

அதைச் சொன்னேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாதவர் போல அவரைப் பார்த்தார். யார் கொல்வார்கள் என்று கேட்டார். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் வேறு யாருமே இல்லை, நான் மட்டும்தான் கிடந்தேன் என்றார்.

இதைத் தமிழில் சொல்லாமல் விட்டுவிட முடியும் என்று எனக்குத் தோன்றியது. அங்கே ஜட்ஜ் இல்லை, டேப் இல்லை, யாரும் கேட்கப்போவதில்லை. மாதக்கணக்கில் அலைந்து, அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்ட மனிதர். அவருடைய முப்பது வருஷப் பயத்தை நான் முழுதாக நம்பியிருந்தேன், வக்கீல் நம்பினாள், ஜட்ஜும் கடைசியில் நம்பினார். எங்களில் ஒருவர்கூட அந்தக் காலித் தெருவை நினைத்துப் பார்க்கவில்லை.

சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.

கூப்பிய கை அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் காலையும் வாக்கரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமாங்க,” என்றார் கடைசியில். “ஒருத்தருமே இல்லீங்க.”

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.